எண்பது மாடுகளும் ஒரு படிவமும்

2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. பெருந்தொற்றால் நட்டப்பட்ட விவசாயிகளிடமிருந்து அமெரிக்க வேளாண்மைத் துறை நிவாரண விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கிய நாள் அது. விஸ்கான்சின் மாநிலத்தில் விவசாயிகளுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு சிறு அலுவலகத்தில் நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வாரமே, எண்பது கறவை மாடுகள் வைத்திருக்கும் ஒரு பண்ணைக்காரர் தொலைபேசியில் அழைத்து, படிவத்தை நிரப்ப உதவ முடியுமா என்று கேட்டார். வீட்டுக்குள் யாரையும் அழைக்கும் காலம் அல்ல அது. டிராக்டர் கொட்டகையின் வாசலில் ஆறடி இடைவெளி விட்டு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார். அவர் மடியில் ஒரு பழைய செருப்புப் பெட்டி இருந்தது. அதற்குள், பால் கூட்டுறவுச் சங்கம் மாதத்துக்கு இரண்டு முறை அனுப்பும் பணச் சீட்டுகள் ரப்பர் வளையம் போட்டு அடுக்கப்பட்டிருந்தன.

படிவம் கேட்டது ஒரே ஒரு எண்ணைத்தான்: ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களில் பண்ணையில் கறந்த பாலின் மொத்த எடை. அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க, நான் கால்குலேட்டரில் கூட்டினேன். இந்நாட்டில் பண்ணைப் பாலை லிட்டரில் அளப்பதில்லை. நூறு பவுண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுவார்கள். நூறு பவுண்டுப் பால் என்பது ஏறத்தாழ 44 லிட்டர். கூட்டி முடித்தபோது 4,812 நூறு பவுண்டுகள் வந்தன. அவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் கேட்கிறார்களா? ஏப்ரலில் கொட்டின பாலைப் பற்றி எங்கே எழுதுவது?" என்றார். அதற்கென்று படிவத்தில் இடம் இல்லை.

இந்த நிவாரணத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்ததும், கணக்கெழுதியதும், யோசித்ததும் எல்லாம் அவருடைய அந்தக் கேள்வியைச் சுற்றியே வந்திருக்கின்றன. நட்டம் நேர்ந்தது ஏப்ரலிலும் மே மாதத்திலும். மார்ச் நடுவில் பள்ளிகளும் உணவகங்களும் மூடப்பட்டபோது, அவற்றுக்கென்று பெரிய பைகளிலும் சிறு அட்டைப்பெட்டிகளிலும் பால் அடைத்துக்கொண்டிருந்த ஆலைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைகளிலோ ஒரு காலன் (ஏறத்தாழ 3.8 லிட்டர்) பால் குடுவைகளுக்குத் தட்டுப்பாடு. ஒரே பால்தான், ஆனால் அதை ஒரு வகைப் பொட்டலத்திலிருந்து இன்னொரு வகைப் பொட்டலத்துக்கு மாற்றும் இயந்திரம் ஒரு வாரத்தில் முளைத்துவிடாது. மாடு அதற்காகக் காத்திருக்கவும் செய்யாது. நாட்டின் மிகப் பெரிய பால் கூட்டுறவு அமைப்பு அப்போது சொன்ன மதிப்பீட்டின்படி, ஒரு நாளைக்கு 37 லட்சம் காலன் பால் வரை சாக்கடையிலும் வயலிலும் கொட்டப்பட்டது. நம் பண்ணைக்காரர் மூன்று நாள் பாலைக் கொட்டினார். சாணிக் குழியில் பால் கலந்து வெளிறிய சாம்பல் நிறமாக மாறியதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அன்று எனக்கு அதைக் காட்டினார். பாலாடைக்கட்டி தயாரிக்கும் பாலுக்கு அரசு அறிவிக்கும் அடிப்படை விலை ஜனவரியில் நூறு பவுண்டுக்கு 17.05 டாலராக இருந்து, மே மாதத்தில் 12.14 டாலருக்கு விழுந்தது.

ஆக, விழுந்தது வசந்த காலத்தில். அளந்தது குளிர்காலத்துப் பாலை. இது அதிகாரிகளின் அசட்டையால் வந்த தவறு அல்ல, யோசித்துச் செய்த ஏற்பாடு என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதில் இருந்து தொடங்குகிறேன். 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டத்தில் விவசாயிகளுக்கென்று 950 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதோடு, 1933இல், பெருமந்த காலத்தில், உருவாக்கப்பட்ட சரக்குக் கடன் கழகம் என்ற அரசு அமைப்பின் நிதியிலிருந்து இன்னும் 650 கோடியை வேளாண்மைத் துறை எடுத்துக்கொண்டது. இந்தக் கழகம் கருவூலத்திலிருந்து 3,000 கோடி டாலர் வரை கடன் வாங்கலாம். வேளாண்மை அமைச்சர் நாடாளுமன்றத்தின் வாசலை ஒவ்வொரு முறையும் மிதிக்காமல் செலவிடக்கூடிய பணம் என்பதால் இதற்கு எப்போதும் ஒரு கவர்ச்சி உண்டு. இரண்டும் சேர்ந்து 1,600 கோடி டாலரை நேரடியாக விவசாயிகளுக்குக் கொடுப்பதாகவும், மேலும் 300 கோடிக்கு உணவுப் பொருள்களை வாங்கி உணவு வங்கிகளுக்குக் கொடுப்பதாகவும் அப்போதைய அமைச்சர் சன்னி பெர்டியூ ஏப்ரல் 17 அன்று அறிவித்தார். திட்டத்தின் முழுப் பெயர் 'கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம்'. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'சீஃபேப்' என்றே சொன்னார்கள். பெயரில் உணவு இருந்தாலும் பெரும் பகுதி பணம் போனது மாட்டுக்கும், பன்றிக்கும், மக்காச்சோளத்துக்கும், சோயாவுக்கும்தான்.

இரண்டு பைகளில் இருந்து வந்த பணம் என்பதால், பாலுக்கு இரண்டு விகிதங்கள். முதல் காலாண்டுப் பாலுக்கு, நூறு பவுண்டுக்கு 4.71 டாலர். இரண்டாவது காலாண்டுக்கு, முதல் காலாண்டு அளவை 1.014ஆல் பெருக்கி, வரும் அளவில் நூறு பவுண்டுக்கு 1.47 டாலர். அதாவது, வசந்த காலத்தில் மாடுகள் சற்றுக் கூடுதலாகக் கறக்கும் என்ற சராசரியை வைத்துக்கொண்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒவ்வொரு பண்ணையிலும் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்காமலே கணக்கை முடித்துவிட்டார்கள். ஒரு நாளும் பால் கொட்டாத பண்ணைக்கும், பத்து நாள் கொட்டிய பண்ணைக்கும் விகிதம் ஒன்றுதான். நம் பண்ணைக்காரருக்கு வந்த தொகை 29,837 டாலர். அதில் 80 சதவீதம் உடனே வந்தது. எல்லோருக்கும் கொடுக்கப் பணம் போதுமா என்று தெரியாததால் மீதியை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட்டில் பணம் போதும் என்று தெரிந்தபின் அந்த 20 சதவீதமும் வந்து சேர்ந்தது.

இப்படி அளந்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைப்பது சரியல்ல. இலட்சக்கணக்கான பண்ணைகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு இழந்தது என்று தனித்தனியாகச் சரிபார்க்கப் புறப்பட்டிருந்தால், பணம் அடுத்த ஆண்டுதான் வந்திருக்கும். அதற்குள் தீவனக் கடைக்காரர் கதவைத் தட்டியிருப்பார். மாவட்டப் பண்ணைச் சேவை அலுவலகங்கள் பூட்டியிருந்தன, ஊழியர்கள் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில், கைவசம் காகிதமாக இருக்கும் ஒரு எண்ணைக் கேட்டு, கையெழுத்து வாங்கி, பணத்தை அனுப்பிவிடுவதுதான் முடிகிற காரியம். விண்ணப்பத்தோடு ஆதாரம் எதையும் இணைக்க வேண்டியதில்லை; சொன்னது உண்மை என்று கையெழுத்திட்டால் போதும், சிலரை மட்டும் பின்னால் மாதிரிக்குச் சோதிப்பார்கள், ஆவணங்களை மூன்று ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. மே மாதக் கடைசியில் விண்ணப்பித்தவருக்கு ஜூன் முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. எந்த அரசுத் துறையிலும் இந்த வேகத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்த அளவுகோல், யாருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டது. ஒரு நல்ல ஹோல்ஸ்டீன் மாடு ஒரு காலாண்டில் ஏறத்தாழ 60 நூறு பவுண்டுகள் கறக்கும். அப்படியானால் மாடு ஒன்றுக்கு நிவாரணம் சுமார் 370 டாலர். எண்பது மாட்டுக்காரருக்கு முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாயிரம் மாட்டுக்காரருக்கு ஏழு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். மாட்டுக்கு மாடு சமம்தான். ஆனால் மாடுகள் கடன் வாங்குவதில்லை, குடும்பங்கள்தான் வாங்குகின்றன. பெரிய பண்ணையில் நூறு பவுண்டுப் பாலை உற்பத்தி செய்ய ஆகும் செலவு சிறிய பண்ணையைவிடக் குறைவு என்பது வேளாண்மைத் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவே ஆண்டுக்கு ஆண்டு எழுதிவரும் விஷயம். ஒரே விலை வீழ்ச்சி, ஒருவருக்கு இலாபம் குறைந்த காலாண்டு. இன்னொருவருக்கு மாடுகளை விற்றுவிடலாமா என்ற கேள்வி. விஸ்கான்சின் 2019இல் மட்டும் தன் பால் பண்ணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றை இழந்திருந்தது. தொற்று வந்தபோது எஞ்சியிருந்தவர்களில் பலர் ஏற்கெனவே விளிம்பில் நின்றவர்கள்.

உச்சவரம்பு இருக்கத்தானே செய்தது என்று கேட்கலாம். இருந்தது. ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ அதிகபட்சம் 2,50,000 டாலர். பங்குதாரர்கள் ஒவ்வொருவரும் பண்ணையில் 400 மணி நேரம் உடலுழைப்போ நிர்வாக வேலையோ செய்திருந்தால், மூன்று பேர் வரை கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒரு நிறுவனம் 7,50,000 டாலர் வரை பெறலாம். அப்பா, மகன், மருமகள் என்று மூவர் பங்குதாரராக இருக்கும் இரண்டாயிரம் மாட்டுப் பண்ணையின் தொகை இந்த எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது. வரம்பு அவர்களைத் தொடவே இல்லை. நிர்வாக வேலை என்றால் என்ன என்பதும் நெகிழ்வான சங்கதி. தொலைபேசியில் பேசியதும் நிர்வாகம்தான், கணக்குப் பார்த்ததும் நிர்வாகம்தான். அந்தக் கோடையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த கேள்விகளில் பாதி, மூன்றாவது பங்குதாரராக யாரைக் காட்டலாம் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. சட்டத்தை மீறிக் கேட்டவர்கள் அவர்கள் அல்லர். சட்டம் திறந்து வைத்த கதவு எவ்வளவு அகலம் என்று அளந்து பார்த்தவர்கள்.

எது நட்டம், எது நட்டம் இல்லை என்பதற்கும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் ஒரு விளைபொருளின் விலை 5 சதவீதமாவது குறைந்திருந்தால்தான் அது பட்டியலில் சேரும். அதனால் கோதுமையில் சில வகைகள் உள்ளே வந்தன, சில வகைகள் வெளியே நின்றன. செம்மறி ஆட்டில் தொடக்கத்தில் இரண்டு வயதுக்கு உட்பட்டதற்குப் பணம் உண்டு, வயது தாண்டியதற்கு இல்லை. முட்டைக்கும் தொடக்கத்தில் ஒன்றும் கிடையாது. பத்து வகைக் காய்கறியைப் பயிரிட்டு வாரச் சந்தையிலும் உணவகங்களிலும் விற்பவருக்கு, ஒவ்வொரு காய்க்கும் தனிக் கணக்கு, தனி விகிதம். அந்தக் காகித வேலையைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு. மக்காச்சோளக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை: நிலத்தின் அளவும் விளைச்சலும் அரசின் கோப்பில் ஏற்கெனவே இருந்தன.

ஏற்கெனவே கோப்பில் இருப்பவர், இல்லாதவர் என்ற இந்த வேறுபாடு கோழிப் பண்ணைகளில்தான் மிகக் கூர்மையாகத் தெரிந்தது. அமெரிக்காவில் இறைச்சிக் கோழிகளில் மிகப் பெரும்பான்மை ஒப்பந்தத்தில் வளர்க்கப்படுபவை. குஞ்சு நிறுவனத்துடையது, தீவனம் நிறுவனத்துடையது, மருந்தும் லாரியும் நிறுவனத்துடையவை. வளர்ப்பவருக்குச் சொந்தமானவை கொட்டகையும், அதைக் கட்ட வாங்கிய கடனும், செத்த கோழிகளும். இறைச்சி ஆலைகளில் தொழிலாளர்கள் நோயுற்று வேலை குறைந்தபோது, நிறுவனங்கள் ஒரு கூட்டம் கோழி போனதற்கும் அடுத்த கூட்டம் குஞ்சு வருவதற்கும் இடையிலான நாள்களை நீட்டின. டெலவேர், மேரிலாந்து பண்ணைகளில் ஏப்ரல் மாதத்தில் ஏறத்தாழ இருபது லட்சம் கோழிகள் ஆலைக்குப் போகாமலே கொல்லப்பட்டன. கொட்டகை காலியாகக் கிடந்த வாரங்களுக்கு வளர்ப்பவருக்கு வருமானம் கிடையாது. வங்கித் தவணை மட்டும் வழக்கம்போல் வந்தது. சீஃபேப்பின் முதல் சுற்றில் கோழியே இல்லை. செப்டம்பரில் வந்த இரண்டாம் சுற்றில் கோழியைச் சேர்த்தார்கள், ஆனால் கோழியின் விலை விழும் ஆபத்து யாருடையதோ அவருக்குத்தான் பணம் என்றார்கள். ஒப்பந்தக்காரருக்குக் கோழி சொந்தமில்லை. ஆகவே விலை விழுந்ததில் அவருக்கு நட்டமும் இல்லை என்பது தர்க்கம். டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில்தான் அவர்களுடைய வருமான இழப்பில் 80 சதவீதம் வரை ஈடு செய்யலாம் என்ற வாசகம் வந்தது. அதற்கான விதிகளுக்கு இறுதி வடிவம் கிடைக்க 2021 ஆகஸ்ட் ஆயிற்று. பால்காரருக்கு ஐந்து வாரம், கோழி வளர்ப்பவருக்கு ஒன்றரை ஆண்டு.

அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்கள் கூலித் தொழிலாளர்கள். அத்தியாவசியப் பணியாளர் என்று சான்றிதழ் கொடுத்து வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பப்பட்ட அவர்களுக்கு, ஆளுக்கு 600 டாலர் கொடுக்கும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டு, தொண்டு நிறுவனங்கள் வழியாக அதற்கும் பிறகு போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் சுற்று அறிவிப்பு வந்த விதமும் நினைவில் இருக்கிறது. 2020 செப்டம்பர் 17 அன்று, தேர்தலுக்கு ஏழு வாரம் இருக்கையில், அதிபர் டிரம்ப் விஸ்கான்சின் மாநிலத்து மோசினி என்ற ஊரில் பிரசாரக் கூட்டத்தில் பேசும்போது விவசாயிகளுக்கு மேலும் 1,300 கோடி டாலர் என்றார். மறுநாள் துறையின் அறிக்கையில் அது 1,400 கோடி வரை என்று இருந்தது. ஒரே இரவில் நூறு கோடி கூடிய கணக்கை எங்கள் அலுவலகத்தில் பல நாள் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அந்த நேரத்தில் விலைகள் எங்கே இருந்தன என்று பார்த்தால் சிரிப்பு வராது. மே மாதத்தில் 12.14 டாலருக்கு விழுந்த பால் ஜூலையில் 24.54 டாலரைத் தொட்டிருந்தது. அதற்கு ஒரு காரணம், அரசே நிவாரணப் பெட்டிகளுக்காகப் பாலாடைக்கட்டியை அள்ளி வாங்கியது. ஆண்டு முடியும்போது மக்காச்சோளமும் சோயாவும் பல ஆண்டுகள் காணாத விலைக்கு ஏறிக்கொண்டிருந்தன. அப்படியிருக்க, டிசம்பர் சட்டம் அந்தப் பயிர்களுக்கு ஏக்கருக்கு இன்னும் 20 டாலர் கொடுத்தது. ஏக்கர் கணக்கு என்பதால், யாரிடம் ஏக்கர் அதிகமோ அவரிடம் போயிற்று.

2018இலும் 2019இலும் சீனாவோடு நடந்த வரிச் சண்டைக்காக விவசாயிகளுக்குக் கொடுத்த பணத்தின் வாலும் இதோடு சேர்ந்துகொண்டதால், 2020இல் அமெரிக்க விவசாயிகளுக்கு அரசு நேரடியாகக் கொடுத்த தொகை ஏறத்தாழ 4,600 கோடி டாலர். பண்ணைகளின் மொத்த நிகர வருமானத்தில் அது, அப்போதைய மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. சீஃபேப் மட்டும் எல்லாம் முடிந்தபோது 3,100 கோடியை எட்டியது.

இதில் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது எவ்வளவு? டிரம்ப் அரசு கொடுத்த 2,600 கோடி டாலர் தொற்று நிவாரணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது 2 கோடியே 8 லட்சம் என்று, பின்னர் அமைச்சரான டாம் வில்சாக் 2021 மார்ச்சில் சொன்னார். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. படிவத்தில் இனம் பற்றிய விதி ஏதும் கிடையாது, அளவுகோல் மட்டும்தான். 1920இல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் இருந்த கறுப்பின விவசாயிகளின் எண்ணிக்கை, கடன் மறுக்கப்பட்டும் நிலம் பறிக்கப்பட்டும் ஒரு நூற்றாண்டில் சில பத்தாயிரங்களாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியவர்களிடம் இருப்பது சிறு நிலம். அதிலும் பல இடங்களில் தாத்தா உயில் எழுதாமல் இறந்து, பாகப்பிரிவினை ஆகாமல், பத்திரம் யார் பெயரிலும் தெளிவாக இல்லாத நிலம். அந்த நிலத்துக்குச் சேவை அலுவலகத்தில் பண்ணை எண் வாங்குவதே பெரும்பாடு. எண் இல்லாவிட்டால் கோப்பில் பெயர் இல்லை. பழைய அநியாயத்தின் மேல் புதிய பணத்தைச் சரிவிகிதமாக ஊற்றினால் அது பள்ளத்துக்கு வராமல் மேட்டிலேயே தங்கிவிடுகிறது.

இதைச் சரிசெய்யப் புறப்பட்ட முயற்சியும் தடுமாறியது. 2021 மார்ச்சில் நிறைவேறிய சட்டத்தின் 1005ஆம் பிரிவு, காலங்காலமாகப் பாகுபாட்டுக்கு ஆளான இனங்களைச் சேர்ந்த விவசாயிகளின் அரசுக் கடனில் 120 சதவீதத்தை அரசே அடைக்கும் என்றது; அந்தக் கூடுதல் 20 சதவீதம் வரிக்காக. வெள்ளை விவசாயிகள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். ஜூன் 10 அன்று விஸ்கான்சின் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதம் ஃபுளோரிடாவிலும் தடை வந்தது. 2022 ஆகஸ்ட்டில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டு, இனத்தைக் குறிப்பிடாமல், கடனில் தவிப்பவர்களுக்கு 310 கோடி, துறையின் கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு 220 கோடி என்று புதிய ஏற்பாடு வந்தது. இரண்டாவது தொகையில் 200 கோடி டாலர் 43,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தது 2024 கோடையில்.

பண்ணைக்காரரிடம் திரும்புகிறேன். சிறு தொழில்களுக்குச் சம்பளம் கொடுக்க உதவும் கடன் என்று இன்னொரு திட்டமும் 2020 ஏப்ரலில் வந்தது. நிபந்தனைப்படி செலவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. விவசாயிகளும் விண்ணப்பிக்கலாம், ஆனால் கூலியாள் இல்லாமல் தானே உழைப்பவருக்கு வரிப் படிவத்தின் கடைசி வரியில் வரும் நிகர இலாபத்தை வைத்துத்தான் தொகை. இவருக்கு 2019இல் இயந்திரத் தேய்மானத்தைக் கழித்தபின் நட்டம். நட்டப்பட்டவருக்கு உதவி இல்லை என்று ஒரு நிவாரணத் திட்டமே சொன்னதை அவரிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த டிசம்பர் சட்டம்தான் விவசாயிகளுக்கு மொத்த வருமானத்தை வைத்துக் கணக்கிடலாம் என்று மாற்றியது. மொத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்து இரண்டரையால் பெருக்கினால் 20,833. அந்தத் தொகை 2021 வசந்தத்தில் அவருக்கு வந்தது.

அந்த ஆண்டு மே மாதத்தில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. ஓர் இணையவழிக் கடன் நிறுவனத்தின் மூலம், இல்லாத தொழில்களின் பெயரில் 378 சிறு கடன்கள், மொத்தம் சுமார் 70 லட்சம் டாலர், வழங்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ எல்லாமே பண்ணைகள் என்ற பெயரில். நியூ ஜெர்சியின் கடற்கரை ஊர்களில் கோதுமைப் பண்ணை, கொட்டை மரத் தோப்பு, மாட்டுப் பண்ணை. சுற்றிலும் மணலும் விடுமுறை வீடுகளும் மட்டுமே உள்ள தெருக்கள் அவை. அந்தக் கற்பனைப் பண்ணைகளில் சிலவற்றுக்குக் கிடைத்த தொகையும் 20,833 டாலர்.

நான் அதை அவருக்கு அனுப்பினேன். அவர் பதில் எழுதவில்லை, மறுநாள் காலை கறவை முடிந்ததும் அழைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "கடற்கரை மணலில் கோதுமையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மீதி நேரம் முழுவதும் மழை வராததைப் பற்றிப் பேசினார்.

அவருடைய 2020ஆம் ஆண்டு வரிக் கணக்கை அந்த மார்ச் முதல் தேதிக்கு முன்பே நான் அனுப்பியிருந்தேன். விவசாயிகளின் வருமானப் படிவத்தில் அரசுத் திட்டப் பணத்தைக் காட்டத் தனி வரி உண்டு. சீஃபேப்பின் இரண்டு சுற்றும் சேர்ந்து அந்த வரியில் 47,000 டாலருக்குச் சற்று மேல். கடைசி வரியில் நிகர இலாபம் 41,000. இரண்டையும் கழித்துப் பார்க்க வேண்டாம் என்று அவரே சொன்னார்.

சம்பளக் கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் படிவம் அந்த இலையுதிர் காலத்தில் வந்தது. ஒரே பக்கம். ஆதாரம் இணைக்க வேண்டாம் என்று வங்கி சொல்லியும், அவர் செருப்புப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்து என் மேசையில் வைத்தார். அதற்குள் பால் சீட்டுகள் எல்லாம் தேதி வாரியாக இருந்தன. மேலே, கைபேசியில் இருந்த அந்தச் சாணிக் குழிப் படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, ஏப்ரலில் எந்தெந்த மூன்று நாள் என்று பின்புறம் பேனாவால் எழுதி வைத்திருந்தார். யாராவது சோதனைக்கு வந்தால் காட்ட வேண்டும், மூன்று ஆண்டு இங்கேயே இருக்கட்டும் என்றார். இருந்தது. யாரும் வரவில்லை. 2023 கோடையில் நான் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, தூக்கிப் போட்டுவிடு, பெட்டியை மட்டும் கொடு என்றார்.